பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு, மூன்று சிலிண்டரில்

காலை ஏழே முக்காலுக்குப் பிச்சாட்டூரில் கிளம்பினோம், நானும் என் மகள் கலாவும். திருப்பதி சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஒரு ஓட்டலில் சவுதி ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினொன்றுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று கலாவுக்கு வந்த கடிதத்திலேயே போட்டிருந்தது.

கார் பழையது. வாடகைக்கு ஓட்டலாமென்று வேர்க்கடலை விற்ற பணத்தில் வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. முதல் பயணமாயிற்றே, நானே பூஜை போட்டேன். எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்குக் கழனிக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினைக் குளிப்பாட்டித்தான் பொட்டு வைப்போம். இதற்கும் பானெட்டைத் திறந்து ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினேன். உழைக்கிறதை விட்டுவிட்டு வெளித் தகரத்துக்கு மட்டும் மரியாதை செய்தால் நன்றாகவா இருக்கும்?

கிளம்பும்போதே வண்டி இருமியது. நாராயணவனம் தாண்டியதும் மேடு ஏற மாட்டேன் என்று குலுங்கிக் குலுங்கி அடம் பிடித்தது. இருபதில் உருட்டி, ஒன்பது மணிக்குப் புத்தூர் மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் பேர்போன ஊர். காருக்கும் போடுவார்களா பார்ப்போம் என்று கலாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மெக்கானிக் என் வயதுக்காரர். வண்டி ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் மாறவேயில்லை.

“இதான் செத்துப்போய்க்கீது அண்ணா. மூணு சிலிண்டர்லதான் வந்துக்கினு இருந்திருக்கே.”

பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். குணமில்லை. கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்தார். அதற்கும் குணமில்லை. மணி ஒன்பதே முக்கால். “இக்னீஷன் காயிலா இருக்கும். புதுசு திருப்பதிலேருந்துதான் வரணும்” என்றார்.

புரட்டாசி சனிக்கிழமை. கோவிந்தா போட்டுக்கொண்டு போன மூன்று பஸ்களும் நிற்கவேயில்லை. படிக்கட்டிலும் ஆள்.

எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்து அரை மணி நேரமாகிறது. சொல்லவில்லை. வெட்கம் பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: இவள் போகாமல் நின்றுவிட்டால் நல்லது என்று பாழும் மனசு நினைத்தது. பெற்ற பிள்ளைக்கே இப்படி நினைத்தேன்.

கலா சர்டிபிகேட் பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். “வுடு நைனா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை; மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன்.

“காலைல பூஜை போட்டம்பா. இன்ஜின் மேல மஞ்சத் தண்ணி ஊத்தினேன்.”

“அய்யோ ராமா! ஆயில் இன்ஜின் டீசல்ல ஓடுது, அதுக்குப் பொறி வேணாம், ஊத்தினா தாங்கும். இது பெட்ரோல் வண்டி அண்ணா, பொறி இல்லாட்டி ஏது ஓட்டம்? இதைச் சொல்றதுக்கு இம்மாம் நேரமா?”

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். ஓரத்தில் மயிரிழை விரிசல்; உள்ளே மஞ்சளாக ஈரம். துணியால் துடைத்து, வெயிலில் காட்டி, விரிசலில் பொறி கருக்கியிருந்த கோட்டைப் பிளேடால் சுரண்டி மாட்டினார். நாலு சிலிண்டரும் பேசின. நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “இனிமே கற்பூரம் மட்டும் காட்டு” என்றார்.

பத்து ஐம்பதுக்குத் திருப்பதி. கலா ஓடினாள். மூன்று மணிக்கு வெளியே வந்து, “எடுத்துக்கினாங்க நைனா. ரெண்டு வருசம்” என்றாள். பஸ் ஸ்டாண்டு எதிரே சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும்போது வடமாலப்பேட்டை தாண்டி நானே ஆரம்பித்தேன். “தண்ணி ஊத்தினது எனக்கு முன்னாடியே ஞாபகம் வந்திட்ச்சு கலா. நீ போய்டுவியேன்னுதான் சொல்லல.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்த மஞ்சத் தண்ணியைக் கலக்கிக் குடுத்ததே நான்தானே நைனா. நானும்தான் சொல்லல. அவ்ளோ தூரம் போக எனக்கும் பயமாத்தான் கீது.”

வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஊர் வந்து சேரும்வரை நான் முப்பதைத் தாண்டவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.