ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புறப்பட வேண்டிய இறக்கை

1. காணாமல் போன பிளேடு

"ஏளா, பிளேடு எங்க?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் எங்கள் லாரிக் கம்பெனி மேலாளர் பால்ராஜ் அண்ணாச்சி போனில் கேட்ட கேள்வி இது. காற்றாலையின் இறக்கையைத்தான் நாங்கள் பிளேடு என்போம். ஒரு பிளேடு ஒரு சின்னத் தெருவின் நீளம் இருக்கும். தொலைப்பதற்குக் கஷ்டமான பொருள்.

"சாத்தான்குளம் யார்டுக்குப் போயிருக்கும் அண்ணாச்சி."

"போகல. துறைமுகத்துக்குள்ளயே படுத்துக் கெடக்கு. போலீஸ்காரங்க பைபாஸ்ல விடிய விடிய நின்னுட்டுத் திட்டிக்கிட்டே போயிட்டாங்க. லைன்மேன் ஒருத்தனும் வரல. வண்டிய வெளிய விட மாட்டோம்னு கேட்ல நிப்பாட்டிட்டானுவ. டிரைவர் சேவியர் வண்டியப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டான், போனை எடுக்க மாட்டேங்கான். நீ என்னத்தளா எழுதிக் குடுத்த?"

நான் எழுதிக் கொடுத்தது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பிளேடு நகராமல் கிடந்தது எப்படி என்று, அனுமதிக் கடிதம் எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நானே சேர்ந்து அதிக வருஷம் ஆகவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் என்னை "மேடம்" என்கிறார்கள். அனுபவக் குறிப்பு எழுத அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

2. சந்தேகமே வராத கடிதம்

கப்பலில் வந்து இறங்கும் பிளேடை டிரெய்லரில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோக, ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைதான் அனுமதி. அதற்கு மூன்று பேர் தயவு வேண்டும். துறைமுகத்தில் கேட் பாஸ். போலீஸ் எஸ்கார்ட். வழியில் குறுக்கே போகும் கம்பிகளில் கரண்டை நிறுத்தித் தூக்கிப் பிடிக்க மின்வாரிய ஆட்கள்.

மூன்று பேருக்கும் ஒரே வாசகம் அனுப்பினேன்: "ஞாயிறு 12.00 AM முதல் 4.00 AM வரை." பன்னிரண்டு ஏஎம் என்றால் நாள் தொடங்கும் நள்ளிரவு. ஆக, சனிக்கிழமை தூங்கப் போகும் ராத்திரி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மூன்று அலுவலகத்திலிருந்தும் ஒருவர்கூட போன் பண்ணிக் கேட்கவில்லை. கடிதம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கேட்டவர் ஒரே ஒருவர், டிரைவர் சேவியர் அண்ணன். வேம்பார்க்காரர். பிளேடு வண்டியை வளைவுகளில் காம்பவுண்ட் சுவர் எதையும் இடிக்காமல் திருப்புகிற டிரைவர் எங்களிடம் அவர் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தார்.

"பாப்பா, இந்த ஞாயிறு பன்னெண்டுன்னு போட்டிருக்கியே, அது சனிக்கிழமை ராத்திரியா, ஞாயித்துக்கிழமை ராத்திரியா?"

"சனிக்கிழமை ராத்திரி அண்ணே."

அவர் முகம் வாடிவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலைப் பூசையில எம் மவளுக்குப் புதுநன்மை."

குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. வாழ்க்கையில் ஒரு தடவைதான். பிளேடு நாலு மணிக்கு யார்டுக்குப் போய்விடும்தான். ஆனால் கிரேன் வந்து அதைத் தூக்கி இறக்கும்வரை டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. மத்தியானம் ஆகிவிடும். வேம்பாரோ நேர் எதிர்த்திசை.

"அவ ஞானஸ்நானத்துக்கும் நான் இல்ல பாப்பா. குஜராத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயிருந்தேன். இன்னும் அவ அம்மா சொல்லிக் காட்டுதா."

"சனிக்கிழமை சாயங்காலமே பூசை வச்சா ஞாயிறு கணக்குல சேரும்னு சொல்வாங்களே அண்ணே. சாமியார்ட்ட கேட்டுப் பாருங்களேன்."

"அது ஞாயிறு கடன் தீரும். புதுநன்மைய சாமி காலைலதான் வைப்பாரு. எங்களுக்கு ஞாயிறு சனிக்கிழமை சாயங்காலமே பொறந்துருது. ஒனக்குத்தான் பன்னெண்டு மணி ஆவுது."

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். ஒரு நாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன்.

"கிரேனுக்குச் சொல்லியாச்சு. புதுநன்மைக்கும் பிளேடுக்கும் என்னளா சம்பந்தம்? போன்ல போட்டோ அனுப்பச் சொல்லு, பாத்துக்கிடட்டும்."

சேவியர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே போய் வண்டியில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நடந்ததைத்தான் அண்ணாச்சி போனில் சொன்னார்.

3. மூன்று அலுவலகம், மூன்று ஞாயிறு

திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் கூட்டம். வெயில் கொளுத்தும் நேரத்தில் உட்கார்ந்துகொண்டு நள்ளிரவு என்றால் என்ன என்று பேசினோம்.

துறைமுக கேட் அதிகாரி முதலில் ஆரம்பித்தார். "பாஸ்ல ஞாயிறு பன்னெண்டுன்னு இருக்கு. பன்னெண்டு மணி தேர்ட் ஷிப்ட்ல வரும். ஞாயிறு தேர்ட் ஷிப்ட் ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்துக்குத்தான் ஆரம்பிக்கும். சனிக்கிழமை ராத்திரி வந்து கேட்டைத் திறன்னா எப்படி? அது சனிக்கிழமைக்குச் சொந்தமான ராத்திரி. எங்களுக்கு ஒரு நாள்ங்கிறது காலை ஆறுல இருந்து மறுநாள் காலை ஆறு."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டரைக்கு உங்க கேட்ல ஒருத்தன் களவாண்டா, நான் என்ன கிழமை போட்டு எழுதணும் சார்?"

"நீங்க ஞாயிறு போடுங்க. நாங்க சனின்னு போட்டுக்கிடுதோம்."

"களவாணிக்கு எந்தக் கிழமைன்னு அவன்ட்டயே கேட்டுக்கிடுவோம்."

மின்வாரிய உதவிப் பொறியாளர் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "ஏங்க, ஞாயித்துக்கிழமை விடிஞ்சாத்தானே ஞாயிறு? விடியறதுக்கு முன்னாடியே அது எப்படி ஞாயிறு ஆவும்? ஞாயித்துக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணிக்கு என் ஆளுங்கள இறக்கி, பாதி ஊருக்குக் கரண்டை நிறுத்தி, நாலு மணி வரைக்கும் கம்பியத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னோம். ரோட்டுல ஒரு நாய் போச்சு. மொட்டை மாடில பாய் போட்டுப் படுத்திருந்தவன் எல்லாம் எங்க அம்மா அப்பாவை ஞாபகப்படுத்துதான்."

நான் எழுந்தேன். போனில் தேடி வைத்திருந்ததைக் காட்டினேன். "சார், பன்னிரண்டு ஏஎம்னா நாளோட தொடக்கம். இதுல தெளிவாப் போட்டிருக்கு."

"ஏஎம்னா காலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்" என்றார் பொறியாளர். "காலைல எங்கம்மா பன்னெண்டு மணி வருது? என் மவன் வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தான். ஜாதகத்துல வியாழன், சர்டிபிகேட்ல வெள்ளி. ரெண்டு தேதிக்கும் கேக் வாங்குதேன். இதுக்கு ஒன் போன் என்ன சொல்லுது?"

போனை மேஜையில் வைத்தேன். நான் விடவில்லை. இருபத்து நாலு மணிக் கணக்கில் எழுதிவிடலாம், 00.00 என்று போட்டால் குழப்பமே வராது என்றேன்.

"பூஜ்யம் மணியா? மணியே ஆகலன்னுதானே அர்த்தம்?" என்றார் பொறியாளர்.

"24.00 போடச் சொல்லுங்க. அதுன்னா நாள் முடியறது" என்றார் எஸ்.ஐ.

சனிக்கிழமை 24.00-மும் ஞாயிறு 00.00-மும் ஒரே நிமிஷம்தான் என்று விளக்கப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் எஸ்.ஐ.தான் ஒரு வழி சொன்னார். ஸ்டேஷனில் அவர்கள் எழுதுகிற மாதிரி எழுதலாம் என்றார்: "செவ்வாய்க்கும் புதனுக்கும் இடைப்பட்ட இரவு, பன்னிரண்டு மணி." கேட் அதிகாரி மனசுக்குள் ஷிப்டைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பொறியாளர் விடியலைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று பேரும் ஒரே ராத்திரியில் இருப்பது அதுதான் முதல் தடவை. அந்த ராத்திரி பிளேடு சாத்தான்குளம் போய்ச் சேர்ந்தது.

4. வேணும்னேவா, தெரியாமலா?

கூட்டம் முடிந்து எல்லாரும் போனதும் சேவியர் அண்ணன் உள்ளே வந்தார். நேரே என்னிடம் வந்து போனை நீட்டினார். கோயில் வாசலில் வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளை, முன்பல் ரெண்டு இல்லாமல் சிரிக்கிறது. பக்கத்தில் கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையோடு சேவியர் அண்ணன். சனிக்கிழமை ராத்திரி டிரெய்லரில் ஏறியபோது போட்டிருந்த அதே சட்டை.

"போலீஸ் போனதும் மொத பஸ்ஸப் பிடிச்சிட்டேன் பாப்பா. சாமி எம் மவளுக்கு நன்மை குடுக்கும்போது நான் அங்கன நிக்கேன். அவ என்னைப் பாத்துட்டா. நாக்க நீட்டணும்ங்கிறதையே மறந்துட்டா."

நல்லது அண்ணே என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே அண்ணாச்சி அறை வரை கேட்கும். "பாப்பா வேணும்னேதான் அப்படி எழுதி மூணு பேரையும் சுத்தல்ல விட்டுருக்கு. எனக்குத் தெரியும்."

"ஐயோ, இல்லண்ணே. நான் சரியாத்தான் எழுதினேன்."

"சரி சரி. நீ சொல்ல வேண்டாம்." கண்ணடித்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏளா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. வேணும்னு பண்ணினியா, தெரியாமப் பண்ணினியா? தெரியாமப் பண்ணினேன்னா இந்த சீட்டுக்கு நான் வேற ஆளைப் பாக்கணும். வேணும்னு பண்ணினேன்னா, திட்டு வாங்கிட்டுப் போய் வேலையப் பாரு."

மூன்றாவதாக ஒன்று இருந்தது. நான் எழுதியது சரி என்பது. அதை நம்ப அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. ஒரு மணி நேரக் கூட்டத்தில் அது நன்றாகத் தெரிந்துவிட்டது.

"வேணும்னுதான் அண்ணாச்சி."

மனநிறைவாகத் திட்டினார். படித்த திமிரில் தொடங்கி, எங்கள் தெரு வழியாகப் போய், நான் பிறந்த நேரத்தில் முடித்தார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு, "இனிமே எவன் வீட்டு விசேஷம்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணு" என்றார்.

"சொன்னேனே அண்ணாச்சி."

காலித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சொன்னதான். போ."

புதிதாக வருகிறவர்கள் முதலில் இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு மணி என்று ஒருநாளும் தனியாக எழுதாதீர்கள், இரண்டு பக்கத்துக் கிழமையையும் எழுதுங்கள். கடிதம் சரியாக இருந்தால் மட்டும் வண்டி நகராது.

இப்போதெல்லாம் டிரைவர்கள் என் மேஜைக்கு வந்து, "பாப்பா, வெறும் பன்னெண்டுன்னு போட்டுக் குடேன்" என்று தலையைச் சொறிகிறார்கள். ஒருவர் வீட்டில் சடங்கு, ஒருவர் வீட்டில் கிரகப்பிரவேசம். நான் இடைப்பட்ட இரவு என்றுதான் எழுதுகிறேன். ஆனால் எந்த இரவு என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஓட்டப் போகிறவரைக் கூப்பிட்டு, மறுநாள் காலையில் அவர் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.