அகதிச் சட்டம் படிச்சு ஆரைப் பார்க்கப் போறீர்?

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், பைக்குள் கடிதம் இருக்கும். மகள் சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் வருடமே இது ஆரம்பித்துவிட்டது. காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி வந்த தண்டம், வீட்டுக்காரன் ஹீட்டருக்குக் கூட்டிக் கேட்ட காசு, பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த எச்சரிக்கை என்று சுவிஸில் நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேயில் எந்தத் தமிழ் வீட்டுத் தபால்பெட்டியில் எது விழுந்தாலும் சனிக்கிழமை அது எங்கள் குசினி மேசைக்கு வந்து சேரும். "லோயர்ப் பிள்ளை நிக்கிறாவோ?" என்று கேட்டபடியே சப்பாத்தைக் கழற்றுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் வாசித்து, பதில் எழுதிக் கொடுப்பாள். எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இந்த வருடம் அவள் முதல் பட்டத்தை முடிக்கிறாள். இனி மாஸ்டர். அது இல்லாமல் இந்த நாட்டில் வழக்கறிஞர் பரீட்சைக்குப் போக முடியாது. ஏப்ரல் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய கணினியில் இரண்டு விண்ணப்பங்கள், நிரப்பியும் அனுப்பாமலும் கிடந்தன. ஒன்று சூரிச்சில்: வங்கி, வரி, கம்பனிச் சட்டம். மற்றது நொஷாட்டலில்: குடிவரவும் அகதிச் சட்டமும், அவள் இதுவரை படித்த ஜெர்மனில் இல்லை, முழுக்கப் பிரெஞ்சில். அவள் மனம் நொஷாட்டலில் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதுகூடப் பிரெஞ்சுச் சொற்களை வாய்க்குள் முணுமுணுப்பாள். ஆனால் முடிவெடுக்கப் பயந்தாள். நானும் யோக்கியம் இல்லை. முதல் கேட்டபோது, "பிரெஞ்சிலை சோதினை எழுதேலுமோ பிள்ளை? வரிச் சட்டமெண்டால் வேலை நிச்சயமெல்லோ" என்றுதான் சொன்னேன்.

அடுத்த பிழையை என் கணவர் விட்டார். எங்கள் சனம் காலம் காலமாக விடுகிற பிழைதான், ஒரு வீட்டு முடிவைப் பத்து வீட்டில் கேட்பது. கலியாணத்துக்கு விசாரிப்பதுபோல மாஸ்டருக்கும் ஆள் ஆளாகத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். அதில் ஒருவர், இங்கு வந்த புதிதில் எங்களோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். இப்போது கடை வைத்திருக்கிறார், சுவிஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார், எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயமும் வைத்திருக்கிறார். "நேரிலை வந்து கதைக்கிறன்" என்று சொல்லி அந்தச் சனிக்கிழமை வந்தார். கையில் பிளாஸ்டிக் பை.

பைக்குள் ஒரு விசா மறுப்பு. அவருடைய மச்சாள், மனைவியின் தங்கை, இலங்கையில் இருந்து மூன்று மாதம் வந்து நின்று போகக் கேட்டிருக்கிறார். திரும்பிப் போகமாட்டார் என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் எதிர்த்து எழுத வேண்டும். இருபத்தைந்து நாளைக் கடையில் கழித்துவிட்டு வந்திருந்தார் அண்ணை. மகள் கணினியைத் திறந்து எழுதத் தொடங்கினாள்.

அவள் எழுத எழுதத்தான் அவர் கதைத்தார்.

"பிள்ளை, கொப்பர் எல்லாம் சொன்னவர். உந்த அகதிச் சட்டம் படிச்சு ஆரைப் பார்க்கப் போறீர்?"

"ஆக்கள் இருக்கினம் மாமா. உங்கடை மச்சாள் அங்கை வேலை செய்யிறாவோ?"

"ஓம், பள்ளிக்கூட ரீச்சர். எங்கடை சனம் எல்லாம் பாஸ்போட் எடுத்திட்டுது. இப்ப வாறது வேறை நாட்டுச் சனம். எல்லாம் பொய்க் கேஸ். பிடிச்சு ஏத்தி அனுப்பவேணும்."

"அவவின்ரை பேரிலை வீடு, காணி இருக்கோ? இருந்தால் எங்களுக்குப் பலம்."

"வீடு இருக்கு. உவங்களுக்காக வாதாடவோ கொம்மா இவ்வளவு பாடுபட்டு உம்மைப் படிப்பிச்சவ?"

"அண்ணை சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு" என்று என் கணவர் தலையாட்டினார்.

மகளின் விரல்கள் நின்றன. "ஓம், சூரிச்தான் சுகமோ எண்டு எனக்கும் ஒரு யோசினை" என்றாள், திரையைப் பார்த்தபடி. என் பிள்ளை ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது குரலை அப்படித்தான் இறக்குவாள்.

எனக்குப் பற்றி எரிந்தது. அந்த முகாமின் சலவை அறை எனக்கு மறக்காது. அண்ணையின் அகதிக் கோரிக்கைக்கு மறுப்பு வந்த அன்று, இரண்டு மெசினுக்கு நடுவில் நிலத்தில் குந்தியிருந்து அழுதவர் அவர். அவர் சொன்னது நம்பத்தக்கதல்ல என்றுதான் நாங்கள் நெகற்றிவ் என்கிற அந்த மறுப்புக் கடிதத்திலும் எழுதியிருந்தது. சட்டம் படிக்கிற ஒரு சுவிஸ் பெட்டை, மழையில் சைக்கிளில் வந்தவள், மெசினின் மேல் கடதாசியை விரித்து அப்பீலை எழுதினாள். என் உடைந்த ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்த்தேன். ஒரே கேள்வியை நாலு தரம் கேட்டாள், நாலு தரமும் பொறுமையாகக் கேட்டாள். அண்ணை இந்த நாட்டில் நின்றது அந்தக் கடதாசியால்.

ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று எங்கள் சனம் சொல்லும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லச் சலவையில் என்னோடு நிற்கிற போர்த்துக்கேயக்காரி சொல்லுவாள், நனைந்தவனுக்குத்தான் துவாயின் அருமை தெரியும் என்று. இவ்வளவு காலமும் அதை நம்பியிருந்தேன். காய்ந்த பிறகு அவன் துவாயை என்ன செய்வான் என்று அவள் சொல்லவில்லை.

"அண்ணை, உங்களுக்கு நெகற்றிவ் வந்த நாள் ஞாபகமிருக்கோ?"

"அது பழங்கதை தங்கச்சி."

"உங்கடை கேஸையும் பொய்யெண்டுதானே எழுதினவங்கள்? அந்தப் பெட்டை வரிச் சட்டம் படிக்கப் போயிருந்தால் நீங்கள் இண்டைக்கு எங்கை?"

"நாங்கள் உண்மையா உயிருக்குப் பயந்து வந்தனாங்கள். அது வேறை, இது வேறை."

அது வேறை, இது வேறை! கடலில் கவிழ்ந்த படகுக்குள் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போது வருகிற ஒருத்தியிடம் போய் இதைச் சொல்லுவாரா? அவளுக்கு உயிர் இரண்டா? மேசையில் கிடந்த விசா மறுப்பை எடுத்து அவருடைய பைக்குள்ளேயே திணித்தேன்.

"அப்ப இதைக் கொண்டுபோய் வரிச் சட்டம் படிச்ச ஆரிட்டையும் குடுங்கோ. உங்கடை மச்சாளையும் நம்பேலாதெண்டுதானே எழுதியிருக்கிறாங்கள்."

"இஞ்சாரும், வீட்டுக்கு வந்த மனிசர்..." என்றார் இவர்.

"வந்த மனிசர் வாயைக் கடையிலை வச்சுப் பூட்டிப்போட்டு வந்திருக்கலாம்."

மகள் எழுந்து வந்து பைக்குள் இருந்து கடதாசியைத் திரும்ப எடுத்தாள். "அஞ்சு நாள்தான் கிடக்கு அம்மா. உங்கடை கோபத்துக்கு அவங்கள் தவணை தரமாட்டாங்கள்." மறுபடி இருந்து எழுதினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. முடித்து, அச்செடுத்து, அவர் முன்னால் வைத்தாள். "கையெழுத்து வையுங்கோ மாமா. திங்கட்கிழமை பதிவுத் தபாலிலை போடுங்கோ, மறக்காமல்."

அவர் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே கணினியில் வேறு எதையோ திறந்தாள். ஒருதரம் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். விரலால் ஒரு தட்டு.

"அனுப்பிட்டன்" என்றாள்.

"எதை?" என்றார் இவர்.

"நொஷாட்டலுக்கு. இந்தக் கடிதத்தை எழுதேக்கை எனக்கு ஒரு சொல்லுக்கும் யோசிக்கத் தேவைப்படேல்லை அப்பா. வரிப் பாடத்திலை ஒரு நாளும் இப்பிடிக் கை ஓடினதில்லை."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்க்கவில்லை.

அண்ணை கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். நன்றியும் சொல்லவில்லை, நல்லாப் படியும் பிள்ளை என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டு, கதவுக் கைபிடியைப் பிடித்தபடி நின்று கேட்டார்:

"அப்ப பிள்ளை அங்கை போனால், மச்சாளின்ரை முடிவு வரேக்கை ஆர் பாக்கிறது?"

"நொஷாட்டலுக்கும் ரெயில் ஓடுது அண்ணை, பையோடை ஏறுங்கோ" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.