கம்பம் பிடுங்குகிற வரை குட்டி வராது

நாய்க்குட்டியை எந்த வயதில் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று யார் கேட்டாலும், அது தானாகச் சோறு தின்னப் பழகிய பிறகு என்பேன். இதற்காக எங்கள் ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்துக்கொள்ளட்டும்.

நாமக்கல் பக்கம் அப்போது எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள். குட்டி கண் திறப்பதற்குள் தூக்கி வந்துவிட வேண்டும். கண்ணைத் திறந்து முதலில் எந்த முகத்தைப் பார்க்கிறதோ அந்த ஆள்தான் அதற்கு எசமான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சனங்கள் பேசுவதை வாயைப் பிளந்து கேட்கிறவள்தான் நானும். சந்தையில் ஒருத்தி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்து சேர்வேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை மற்றவர்கள் வாயிலிருந்துதான் படித்தேன். ஆனால் இந்த ஒரு பேச்சை மட்டும் நம்புவதில்லை.

காரணம், எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த குட்டி. கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் போர்க்கிணறு போடும் ரிக் லாரியில் டிரைவர். ஒரு நாள் துண்டில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். கண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் மூஞ்சியைத்தான் அது முதலில் பார்க்க வேண்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பசும்பாலில் திரியை நனைத்து நான் அதன் வாயில் வைத்தேன். குடித்தது, கக்கியது, என் விரலைச் சப்பியது. கண் திறக்கவே இல்லை. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டுக் கை கழுவும்போது, "ராசியில்லாத குட்டி" என்றார். குட்டிக்கு ராசி இல்லையா, நமக்குப் புத்தி இல்லையா?

சில வருடங்கள் போய் வீட்டை ஒட்டிச் சின்னதாகக் கோழிப்பண்ணை போட்டோம். ரிக் வண்டி வடக்கே போனால் மழை பிடிக்கும்போதுதான் திரும்பும். அதுவரை நான் தனி. கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் பயந்து கோழி வளர்க்க முடியுமா? நாய் வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் என் பிறந்த ஊரில், அண்ணன் வீட்டுச் செவலை நாய் குட்டி போட்டிருந்தது. கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்தக்காவிடம் விட்டுவிட்டு, மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு நான் அங்கே போயிருந்தபோது இவரும் வந்து இறங்கினார்.

"ஏம்புள்ள, அந்தக் கடுவன் குட்டிய எடு. வெயில் ஏறறதுக்குள்ள ஊடு போயிரலாம்."

"வராதுங்க."

"ஆரு, குட்டியா?"

"குட்டியும் வராது. நானும் வல்லீங்க."

"வெள்ளிக்கிழமை வண்டி கெளம்புது. அதுக்குள்ள அது என்ற மூஞ்சியப் பாக்கோணும்."

இன்னொன்றை முருங்கை மரத்தடிக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. ஆனால் தாய்ப்பால், வயிறு என்று பேசினால் அவர் காதில் ஏறாது. அவருக்கு ஏறுகிற பேச்சு ஒன்று கோயில் முன்னால் நட்டுக்கொண்டு நின்றது.

என் பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, கோயில் வாசலில் முக்கவர் மரக் கம்பத்தை நட்டுவிட்டால், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. ஈரோட்டுக்கு ஜவுளி வாங்கப் போன அண்ணன்கூட பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது வந்து சேர்ந்துவிடுவார்.

"இது இந்த ஊர்ல பொறந்த உசுருங்க. கம்பம் நிக்கறப்ப வெளியூர்ல படுக்கலாமுங்களா?" என்றேன்.

அண்ணன் மனைவி கையிலிருந்த சீமாறைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏனம்மிணி, நாயிக்குமா நோம்பி? அடுத்து அதுக்குத் தீச்சட்டியும் எடுத்துக் குடுப்பியாட்ட இருக்குது!"

"குடுத்தா எடுக்கும். உங்களாட்ட பாதி வழியில எறக்கி வெக்காது."

இவர் விடவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டார். நானும் பின்னாலேயே போனேன். பூசாரி கம்பத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டே யோசித்தார்.

"நாயிக்கு இப்பிடி ஒரு கட்டு இருக்குதுன்னு எங்கப்பன் சொல்லலீங்க மாப்பளே. இல்லைன்னும் சொல்லலீங்க. நீங்க வண்டி ஓட்டற ஆளு. வழியில ஒண்ணுன்னா எங்கிட்ட வந்து கேக்கப்படாது, பாத்துக்குங்க."

எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை நகர்த்தாத மனிதர் என் வீட்டுக்காரர். பையை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தார். பஸ் ஏறும்போதுதான் திரும்பினார். "எசமான் தெரியாத குட்டியா வளத்தப்போற. நாளைக்கு எம்மேலயே குரைக்கும். அப்ப வந்து கண்ணைக் கசக்கப்படாது."

"கசக்கலீங்க."

கம்பம் பிடுங்கியாயிற்று. அப்போதும் நான் எடுக்கவில்லை. பண்ணையிலிருந்து நேரம் கிடைத்தபோதெல்லாம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தேன். "கூடையைச் சும்மா சுமந்துட்டுத் திரியறா" என்று அண்ணன் மனைவி ஊரெல்லாம் சொன்னாள். ஒரு நாள் குட்டி பால் குடிக்கப் போய்ப் பல்லால் கடித்தது. தாய் நாய் உறுமிவிட்டு எழுந்து, வைக்கோல் போருக்கு அந்தப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டி கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, நான் உருட்டிப் போட்ட களியைத் தின்றது. பெற்றவளே போதும் என்றாள். அன்றைக்குத்தான் அதைக் கூடையில் வைத்தேன்.

மழை பிடித்ததும் இவர் வந்தார். பையோடு படலைத் தள்ளியவரை நாய் உள்ளே விடவில்லை. லுங்கியைக் கவ்விக்கொண்டது. வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்துத் தோட்டத்தக்கா எட்டிப் பார்த்தாள். "பாத்தியா, கண்ணு தொறந்தப்புறம் கொண்டாந்தா இப்பிடித்தான்."

"நாஞ் சொன்னனா இல்லையா?" என்றார் இவர்.

"சொன்னீங்க. பையக் கீழ வெச்சுட்டு அப்பிடியே நில்லுங்க. மோந்து பாக்கட்டும்."

"எங்கூட்டுக்குள்ள வர நாயிகிட்டக் கேக்கோணுமா?"

"நீங்க இல்லாதப்ப இந்த ஊட்டைக் காத்தது அதுதானுங்க."

பையைக் கீழே வைத்தார். நாய் அவர் காலை மோந்து, டீசல் நாற்றத்துக்கு ஒரு தும்மல் போட்டு, மறுபடி குரைத்தது.

"எம்மேலயே குரைக்குது பாரு."

"உசுரோட இருக்குதுங்க, குரைக்குது," என்றேன்.

அவர் பார்வை முருங்கை மரத்துப் பக்கம் போய்த் திரும்பியது. நான் அப்புறந்தான் நாயைக் கூப்பிட்டேன்.