வெல்டர் அண்ணனின் மாத்திரை டப்பா

பேய்க்குப் பயந்தவன் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு லாயக்கில்லை. தலைக்கு மேல் அத்தனை இரும்பும் தொங்கிக்கொண்டிருக்க, இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று கிரீஸ் தடவ வேண்டும். நம்ம ஆள் அங்கே நின்று சீட்டியடிப்பான். அதனால் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் தில்லு. அப்பேர்ப்பட்ட தில்லுதான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு நடுங்கினான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வேலை. சதுப்புக் காட்டை ஒட்டிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மலேரியா வீட்டுக்கு வீடு வாசப்படி. கிளம்பும் முன்பே டாக்டர் தில்லுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முழுக்கைச் சட்டை, கொசுவலை, தினம் ஒரு மாத்திரை. "ஊர் திரும்பினப்புறமும் நாலு வாரம் மாத்திரையை விடக் கூடாது. கொசு அங்கேயே நின்னுடும். அது உள்ள விட்டது உங்களோட சேந்து பிளைட் ஏறி வரும்."

கேம்ப் அறையில் பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணனுடையது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவர் தன் மாத்திரை டப்பாவைக் கலகலவென்று ஆட்டுவார். "டேய் தில்லு, தீனி போட்டாச்சு, வா!" அவர் ஆட்டாவிட்டால் தில்லு மாத்திரையை மறந்தே போவான்.

அண்ணன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், தில்லுவின் சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பா லிஃப்ட் குழியில் விழுந்து திறந்துகொண்டது. அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் மாத்திரையெல்லாம் கரைந்துபோயிற்று. கேம்ப் நர்ஸ் அடுத்த வாரம்தான் வருவாள். அண்ணன் யோசிக்கவேயில்லை. தன் டப்பாவை அவன் கையில் திணித்தார்.

"அப்போ உங்களுக்குண்ணே?"

"எனக்கெதுக்குடா? நாளைக்கு வீட்ல இருப்பேன். அங்க ஏது இந்தக் கொசு?"

டாக்டர் சொன்னது தில்லுவுக்கு நினைவிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன் உயிர் தனக்கு வெல்லம். வாயை மூடிக்கொண்டு டப்பாவை வாங்கிக்கொண்டான்.

அண்ணன் போன பிறகும் அவர் கொசுவலையை யாரும் கழற்றவில்லை. ஃபேன் காற்றில் அது மெல்ல உப்பி அமுங்கும், உள்ளே யாரோ படுத்து மூச்சு விடுவது போல. தில்லு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

சில நாளில் அண்ணி போன் செய்தாள். "தம்பி, உங்க அண்ணனுக்குக் காய்ச்சல். நடுங்கறாரு, அப்புறம் வேத்துக் கொட்டுது. சாதாக் காய்ச்சல்னு ஊசி போட்டாங்க, கேக்கவே மாட்டேங்குது."

"எங்கேருந்து வந்தாருன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"யாரும் கேக்கலியே."

"ஐயோ, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க! மலேரியாவுக்கு ரத்தம் பாக்கச் சொல்லுங்க!"

தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அண்ணன் கண் விழிக்கவேயில்லை. சேதி வந்த அன்று தில்லு குழிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அன்று சாயங்காலம் விளக்குப் போட்டதும் அலமாரியில் கலகலவென்று சத்தம் கேட்டது.

அறையில் வேறு யாரும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாத்திரையை விழுங்கியதும் சத்தம் நின்றது. மறுநாளும் கேட்டது. நர்ஸ் கொடுத்த புது மாத்திரைகளையும் அதே டப்பாவில்தான் போட்டு வைத்தான். வேறு டப்பாவில் போட ஏனோ கை வரவில்லை.

வேலை முடிந்து டப்பாவும் அவனுமாக வீடு வந்து சேர்ந்தார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒருநாள் மாத்திரை வேண்டாமென்று படுத்துவிட்டான். "நல்லா இருக்கற உடம்புக்கு எதுக்குங்க மருந்து?" என்று மனைவியும் சொன்னாள். இருட்டியதும் பீரோவுக்குள் கலகல. நிற்கவில்லை. தலையணையால் காதைப் பொத்திப் பார்த்தான். கடைசியில் எழுந்துபோய் விழுங்கினான். அண்ணன் கோபமாகக் கூப்பிடுகிறாரா, பழையபடி அக்கறையாகவா என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. பைத்தியம் என்பாளே!

நாலு வாரமும் கழிந்து கடைசி மாத்திரையும் உள்ளே போயிற்று. மனைவி காலி டப்பாவை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பாடா! சாயந்தரமானா நீங்க இதைப் போட்டு ஆட்டுற ஆட்டு இனிமே இருக்காது."

தில்லு சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கும் கேட்டுதா?"

"தெருவுக்கே கேக்கும். பின்ன?"

"நான் ஒருநாள்கூட ஆட்டினதில்லடி."

அவள் டப்பாவைப் பட்டென்று மேசைமேல் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை. தில்லு அந்தக் காலி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எல்லாத்தையும் முழுங்கிட்டேன். நீங்க போய்ப் படுங்கண்ணே."