உஷ்காரரின் பவர் சப்ளை

தெருவில் அவருக்கு உஷ்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். வாசலில் இரண்டு பேர் நின்று பேசினால் போதும், ஜன்னல் திறக்கும், உதட்டின் மேல் ஒரு விரல் தெரியும், "உஷ்!" என்று ஒரு சீறல் வரும், ஜன்னல் மூடிக்கொள்ளும். அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிள்காரர்கள்கூட மணியடிக்க மாட்டார்கள். பயம் ஒன்றும் இல்லை, காலங்கார்த்தால அந்த மூஞ்சியில் விழிக்க வேண்டாமே என்றுதான்.

கேட்டால் தொழில் அப்படி என்பார். கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவான பேச்சை ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. முன் அறையில் ஒரு மேசை, அதன் மேல் செருப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. யாரோ இருமியபோது அதற்கடியில் அமுங்கிப்போன சொல்லைக்கூடத் தோண்டி எடுத்துவிடுவார். ஊரார் வாய்க்குள் முனகியதெல்லாம் கேட்ட அந்தக் காதுக்கு, கட்டின பெண்டாட்டி சொன்னது மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை.

அந்த அம்மாள் ஒரு காலத்தில் தைத்துக்கொண்டிருந்தவள். முதலில் போனது தையல் மெஷின். "கடகடன்னு அது என்ன சனியன்" என்று சொல்லி, அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து விற்றுவிட்டார். பிறகு குக்கர் பரணுக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். அவளுடைய செல்போனை வாயடைத்துத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அவளும் போகப் போகத் துணிச் செருப்புப் போட்டு நடக்கப் பழகினாள், பாத்திரத்தைத் துண்டின் மேல் கவிழ்க்கப் பழகினாள். கட்டிக்கொடுத்த மகள் அப்பாவின் போனில் கூப்பிட்டால் அவளுக்குப் பேச்சே கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஏம்மா, யாருக்கும்மா பயந்துக்கிட்டுப் பேசற?" என்று மகள் கேட்பாள். "பழகிடுச்சுடி" என்பாள் இவள்.

பழக முடியாதது ஒன்று இருந்தது. அவளுக்கு மூச்சிரைப்பு. இழுப்பு வந்துவிட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அதற்கு டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருந்தார்; மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மூக்கில் வைத்தால் புகை மாதிரி மருந்து உள்ளே போகும். ஆனால் அது ஓடும்போது ர்ர்ரென்று இரையும். விடுவாரா மனுஷன்? அதைத் தன் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "வேணுங்கறப்ப நான் எடுத்துத் தரேன். சும்மா சும்மா போட்டுக்கிட்டு உக்காராத."

மகளுக்கு இது தெரிந்தபோது ஆடித் தீர்த்துவிட்டாள். "இழுப்பு வந்தா அம்மாவால கத்த முடியுமாப்பா? வாய்ல சொல்லே வராது!" கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். பின் அறைக்கும் முன் அறைக்கும் பொதுச் சுவர். முடியாமல் போனால் அம்மா எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டுவாள். அப்பா உடனே மெஷினை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தட்டினால் போனார், இல்லையென்று சொல்வதற்கில்லை. கடுகடுவென்ற முகத்தோடு போனார். ஒரு தடவை, "அந்த ணங் ணங்குனு சத்தம் மண்டைக்குள்ள எறங்குது. கொஞ்சம் மெதுவாத்தான் தட்டேன், என்ன கெட்டுப்போச்சு?" என்றார். மறுநாள் அவள் ஒரு பழைய துணியைக் கிழித்து டம்ளரின் அடியில் சுற்றி நூலால் கட்டி வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. தன் காரியத்தைப் பற்றி அவரிடம் சொல்கிற வழக்கத்தை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

இப்படி எல்லாவற்றையும் அடக்கிவிட்ட பிறகு அவர் காதில் மிச்சம் நின்றது கம்ப்யூட்டரின் சத்தம். உள்ளே அதற்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையின் குட்டி ஃபேன் நாள் முழுக்க ஙொய்யென்று அழுதது. வந்தது பாருங்கள் வைராக்கியம்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சத்தம் போடாத பவர் சப்ளையைத் தேட ஆரம்பித்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. முதலில் வாங்கி வந்தது பெட்டிக்குள் நுழையவே இல்லை. அது பெரிய கம்ப்யூட்டருக்கானது. அடுத்தது நுழைந்தது, ஆனால் பழையதைவிட மோசமாகக் கத்தியது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"சார், உங்க மெஷினுக்கு வேணுங்கற அளவுக்கே சப்ளை வாங்கினா அது மூச்சு முட்ட ஓடும், சூடாகும், ஃபேன் கத்தும். ரெண்டு மூணு மடங்கு சக்தி உள்ளதா, இதே சின்ன சைஸ்ல வாங்குங்க. பாரமே தெரியாது. சூடு ஏறலன்னா ஃபேன் சுத்தவே சுத்தாது."

"சுத்தவே சுத்தாதா?"

"நீங்க டைப் அடிக்கற வேலைக்கா? சத்தியமா சுத்தாது."

உஷ்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி அதை இரண்டு கையாலும் வாங்கி வந்தார். மறுநாள் மதியம் மாட்டி முடித்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அதிசயமாகப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. என்ன கேக்குது, சொல்லு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். காலையிலிருந்தே அவளுக்கு நெஞ்சு அடைப்பாக இருந்தது. அவர் கூப்பிட்டாரே என்று முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

"ஒண்ணும் கேக்கலீங்க."

"அதான்! அதான் விஷயம்!" அவர் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். வாட் என்றார், சூடு என்றார், சுற்றாத ஃபேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவளும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். திடீரென்று அவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். மெல்லிய விசில் சத்தம் ஒன்று.

"சே. இப்ப இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது உன் மூச்சுச் சத்தம்தான். உள்ள போ. கதவைச் சாத்திக்க."

அவள் அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். "அந்த மெஷினைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு வேணாம். இப்பத்தான வீடு அடங்கியிருக்கு."

அவள் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் எண்ணெய் விட்டிருந்தாரே.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் டைப் அடித்திருப்பார். டொக். டொக். விரல் நின்றது. ஹெட்போனைக் கழற்றினார். மறுபடியும் டொக். அவர் காதை என்னவென்று சொல்வது! அது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டது. பெட்டி சுவரை ஒட்டித்தான் இருந்தது. அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தார். டொக், டொக். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"என்னய்யா சாமான் குடுத்திருக்க? டொக்கு டொக்குனு அடிக்குது!"

"ஃபேன் சுத்துதா சார்?"

"சுத்தல."

"சுத்தாத ஃபேன் எப்படி சார் அடிக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! இந்தா, நீயே கேளு." போனைப் பெட்டிமேல் பிடித்தார்.

கடைக்காரர் காதை அழுத்திக் கேட்டார். "சார், இது மெஷின் சத்தம் மாதிரி இல்லையே. யாரோ சுவத்துல தட்டற மாதிரி இருக்கு. வீட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"என் சம்சாரம் இருக்கா. அவ சத்தமே போடமாட்டா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது, பாவி மனுஷன். "வித்த பெறகு கதை அளக்காத."

"சரி சார், மெஷினை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டுப் பாருங்க. அப்பவும் அடிச்சா எங்க சாமான் இல்ல."

"பாதி வேலையில இருக்கேன். இரு."

போனை வைக்காமலே மேசையில் போட்டுவிட்டு அவர் அந்தப் பத்தியை அடித்து முடித்தார். எழுத்துப் பிழை பார்த்தார். சேமித்தார். அதற்குள் சத்தம் இளைத்துப்போயிருந்தது. டொக்கென்று ஒன்று, ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று, பிறகு சுவரில் எதுவோ உராய்ந்து இறங்குகிற மாதிரி ஒரு சரசரப்பு. அவர் ஸ்விட்சை அணைத்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை.

"பாத்தியா? ஆஃப் பண்ணதும் நின்னுடுச்சு! இப்ப என்ன சொல்ற?"

"கொண்டு வாங்க சார், பாக்கலாம்" என்றார் கடைக்காரர்.

திரும்பப் போட்டுப் பார்த்தபோது சத்தம் வரவில்லை. சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒரு அமைதியில் அவர் வேலை செய்ததே இல்லை. பிசகில்லாமல் விரல் ஓடியது. சாயங்காலக் காபி வரவில்லை என்றுதான் எழுந்து போனார்.

அவள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. துணி சுற்றிய டம்ளர் மடியில் இருந்தது. அவர் அந்தத் துணியைப் பார்த்தார். டம்ளரை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

மகள் வந்தாள், அழுதாள், அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "அம்மா தட்டலையா? சொல்லுப்பா, தட்டவே இல்லையா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர்லதான் ஏதோ..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் அலமாரியைத் திறக்கச் சொல்லி, மருந்து மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது ஓட ஓட உட்கார்ந்திருந்தாள். அதற்கு உஷ் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகும்போது அவள் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் உஷ்காரர் பவர் சப்ளையைக் கழற்றி, அதன் அட்டைப் பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதை வாங்கித் தன் மேசையில் மாட்டி ஓடவிட்டார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லையே சார்."

"இருக்கு. நல்லாக் கேளுங்க."

"இல்ல சார்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க. வரும். டொக்கு டொக்குனு வரும்." அவரும் குனிந்து தன் காதை அதன் மேல் வைத்தார். "இதுலேருந்துதான் வந்துச்சு. நீங்களும் போன்ல கேட்டீங்களே. இதுலேருந்துதான் வந்துச்சுன்னு ஒரு தடவ சொல்லுங்க."

கடைக்காரர் ஸ்விட்சை அணைத்தார். பவர் சப்ளையைக் கழற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"சாமான்ல ஒரு குறையும் இல்ல சார்" என்றார்.