எபிமீதியஸும் ஏழு ஆடுகளும்

என் கணவர் துரைராசு ஒரு பொருளைப் பங்கு வைத்து, அதில் அவருக்கும் ஏதாவது மிஞ்சி நான் பார்த்ததில்லை. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், உப்பளமும் வயலும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எங்கள் ஊர். இங்கே கிடா வெட்டினாலும் சரி, குளத்தில் மீன் பிடித்தாலும் சரி, பங்கு வைப்பவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். பங்கு வைக்கும் மற்றவர்கள் தங்கள் பங்கை மனசுக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனாலேயே ஊர் இவரைத்தான் கூப்பிடும். கோயிலில் கிடா வெட்டிய நாட்களில் எங்கள் வீட்டில் ரசம்தான்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து நூலகத்தில் போன மாதம் ஒரு கிரேக்கப் புராணப் புத்தகம் கிடைத்தது. அதில் எபிமீதியஸ் என்று ஒருவன். டைட்டன்கள் என்னும் பழைய தேவர் குலத்தவன். புதிதாகப் பிறந்த உயிர்களுக்கெல்லாம் வரங்களைப் பகிர்ந்து கொடுக்கும் வேலை அவனுக்கு. கரடிக்கு ரோமம், புலிக்கு நகம், ஆமைக்கு ஓடு என்று வாரிக் கொடுத்துவிட்டான். கடைசியில் மனிதன் வெறும் உடம்போடு வந்து நின்றபோது பையில் ஒன்றும் இல்லை. அவன் அண்ணன்தான் வானத்திலிருந்து நெருப்பைத் திருடிவந்து மனிதனைக் காப்பாற்றினானாம். அண்ணனை உலகமே கொண்டாடுகிறது. தம்பியை யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் அசடு என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கஜா புயல் ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றுபோனது.

புயல் அடித்தபோது எங்கள் மகள் கவிப்ரியா பிறந்து பன்னிரண்டு நாள். விடிந்து பார்த்தால் கூரையில் ஓர் ஓடுகூட இல்லை. பள்ளிக்கூடத்து முகாமில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். பச்சைக் குழந்தையோடு அங்கே போக முடியாது. மூன்றாம் நாள் ஒரு லாரி தார்ப்பாய் கொண்டுவந்து இறக்கியது. பங்கு வைக்க இவரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிக்கை சரியாகவே இருந்தது. இவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"நம்ம தார்ப்பாய் எங்க?"

"ராமாயி அக்கா வீடு தரைமட்டம். செவுரு நிக்கிற வீட்டுக்குத்தான் லிஸ்ட்ல பேரு. அக்கா முகாமுக்குப் போயிடும், ஆட்ட உள்ள விட மாட்டேங்குறாங்க. ஏழும் நடுங்குது. கடைசியா ஒண்ணு இருந்துச்சு, கொட்டகைக்குக் குடுத்துட்டேன்."

"ஆட்டுக்குக் குடுத்தீங்க. புள்ளைக்கு?"

அப்போதுதான் குழந்தையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். இன்றைக்கும் அதை மறைக்க விரும்பவில்லை.

சாயங்காலம் மறுபடி மேகம் கட்டியது. இவருக்கும் ஓர் அண்ணன் உண்டு, சிங்கப்பூரில். செல்போன் டவர் விழுந்து கிடந்ததால் அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. நெருப்புக்கு எங்கே போவது? குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் தூறல் விழுந்ததும் ராமாயி அக்கா விறுவிறுவென்று வந்து, கேட்காமலே குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"வாங்க டீச்சர். ஆட்டையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டேன்."

ஆடுகளின் சூட்டில் கொட்டகை அடுப்பங்கரைபோல் கதகதப்பாக இருந்தது. புழுக்கை நாற்றம் மூக்கைத் துளைத்தது. தார்ப்பாய்மேல் மழை படபடவென்று இறங்கியது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கவிப்ரியா ஒரு வெள்ளாட்டை ஒட்டித் தூங்கிப்போனாள்.

அந்தக் கதையில் அண்ணன் வானம் வரைக்கும் போய்த் திருடுகிறான். ரோமம் வாங்கிய கரடியிடம், கொஞ்சம் நகர்ந்து படு, இவனுக்கும் இடம் கொடு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் மழையில் நின்றபடி, எல்லாரும் உள்ளே வந்தாயிற்றா என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். என் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் ஒரு கிடாவைத் தள்ளி இடம் பண்ணினேன்.

"எண்ணுனது போதும். நீங்களும் ஒரு ஆளுதான், உள்ள வாங்க" என்றேன்.