நேசராணி பிடித்த காந்தத் திருட்டு

நேசராணி யாரையும் லேசில் நம்பமாட்டாள். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். பக்கத்து லயத்து வீட்டில் யாராவது நலம் விசாரித்தால், "என்ன வேணும்னு நேரா கேளுங்க" என்பாள். புருஷன் இராயப்பன் ஒருநாள் அப்புத்தளையிலிருந்து பூ வாங்கி வந்துவிட்டு, ஏன் வாங்கினான் என்று மூன்று நாள் விளக்கம் சொன்னான். பாவம் மனுஷன், அதோடு பூ வாங்குவதையே விட்டுவிட்டான்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், பதினாறு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். தூள் ஓடிவரும் தட்டுக்கு மேலே சட்டம்போல ஒரு காந்தம் தொங்கும். இயந்திரங்கள் தேய்ந்து உதிர்க்கும் இரும்புப் பொடியை அது இழுத்துக்கொள்ளும். இரண்டு முனைகளிலும் பொடி முள்முள்ளாக மொய்க்கும். நடுவில் அவ்வளவாக ஒட்டாது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது நேசராணியின் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

போன வாரம், தூளில் இரும்பு கிடக்கிறதென்று விற்ற மூட்டைகள் திரும்பி வந்தன. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கேட்ட உடனே அவள் சொல்லிவிட்டாள்:

"ஐயா, இது நம்ம காந்தமில்ல. நல்லத எடுத்துட்டு வெறும் இரும்ப மாட்டியிருக்காங்க. புதுசா வந்தவளக் கேளுங்க."

புதிதாக வந்தவள் விதுஷா. சேர்ந்து மூன்று மாதம்தான். அவளுடைய அண்ணன் ஹாலிஎலயில் பழைய ரேடியோ திருத்துகிறவன். ரேடியோ ஸ்பீக்கருக்குக் காந்தம் வேண்டும். நேசராணிக்கு அது போதாதா? "நான் எடுக்கலக்கா" என்று விதுஷா அழுதாள். அழுகை கொஞ்சம் அதிகமாகவே இருப்பதாக நேசராணிக்குப் பட்டது.

மறுநாள் காலை விசாரணை. குற்றம் உறுதியானால் விதுஷா மறுபடியும் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். முட்டிவலிக்காரி அவள், அதனால்தான் உள்ளே வேலை கொடுத்திருந்தார்கள்.

ஆதாரத்தை இரவில் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று, டீமேக்கரிடம் கேட்டுக் காந்தத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள் நேசராணி. பள்ளிக்கூடம் போகும் மகள் விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வெறும் இரும்புன்னா எந்த முனையக் காட்டினாலும் காந்தம் இழுக்கும்மா. இதுவும் காந்தம்னா ஒரு முனை தள்ளிவிடும்."

"குடு. நானே பாக்குறேன்."

மகளின் சிறு காந்தத்தை மேசையில் வைத்து, தொழிற்சாலைக் காந்தத்தின் ஒரு முனையைக் காட்டினாள். மெல்ல இழுத்தது. அப்பாடா என்று மறுமுனையைக் காட்டினாள். சிறு காந்தம் சற்றே விலகியது. மேசை சரிவோ என்று தரையில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் விலகியது. யாரும் எதையும் மாற்றவில்லை. காந்தம் அதேதான், வலுதான் போயிருந்தது.

"எப்புடிடி போகும்?"

"உள்ளுக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தங்க ஒரே பக்கம் பாத்து இருக்குமாம். சூடாக்கினாலோ, போட்டுத் தட்டினாலோ திசை கலைஞ்சிருமாம்."

"எழுதினவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் நேசராணி. ஆனால் தன் கையைப் பார்த்தாள். துணியால் துடைத்தால் பொடி சுலபத்தில் வராது. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பழகிய கை அது. பதினாறு வருடமாகத் தினமும் சிமெந்துப் படியில் காந்தத்தை ஓங்கி ஓங்கித் தட்டியது அவளேதான். ஒரு பிள்ளையைத் திருடி என்று சொல்லிவிட்டோமே என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

தட்டித் தட்டிக் கெடுத்தது தானே என்று காலையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். டீமேக்கர் அவளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் புதுக் காந்தத்தை வரவழைத்தார். விதுஷாவின் வேலை தப்பியது.

"மன்னிச்சிரும்மா. இனி நீயே தொடச்சு மாட்டு" என்று நேசராணி துணியை நீட்டினாள்.

விதுஷா உடனே வாங்கவில்லை. டீமேக்கர் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்தாள். அவர் வந்ததும் துணியை வாங்கி, இருவருக்கும் நடுவில் நின்று காந்தத்தைத் துடைத்தாள். பிறகு நேசராணியைப் பார்த்தாள்.

"புதுக் காந்தம் அப்படியே இருக்கு, நான் ஒண்ணும் எடுக்கலன்னு இப்பவே ஐயாகிட்ட சொல்லிருங்கக்கா. இல்லாட்டி நாளைக்கு நீங்க மாத்திச் சொல்லுவீங்க."